பல் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இவ்வளவுதான்:

"என் மகளுக்கு 13 வயது. மேல் முன்பல் தூக்கலாக இருக்கிறது, சிரித்தால் ஈறு நிறையத் தெரிகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வாய் லேசாகத் திறந்தே இருக்கிறது. வயசுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. முதலில் பார்த்த டாக்டர், நான்கு பல்லை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, முகத்தின் கீழ்ப்பகுதி நீளமாக இருக்கிறது, வளர்ச்சி கீழ்நோக்கிப் போகிறது, யோசித்துத்தான் செய்யவேண்டும், 18 வயதுக்கு மேல் ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்கிறார். இதற்கு நடுவில் என் நாத்தனார் போனில் ஏதோ ஆப்பை வைத்து அவள் முகத்தை மூன்றாகப் பிரித்து அளந்து, தாடைதான் பெரிசு என்று சொல்லி, பிள்ளை அழுதுவிட்டாள். பல் எடுத்தால் முகம் இன்னும் நீளும் என்கிறார்கள் சிலர், ஒடுங்கிப்போகும் என்கிறார்கள் சிலர். யார் சொல்வதை நம்புவது?"

அம்மா, உங்கள் இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசவில்லை. முதலாமவர் பற்கள் முன்னும் பின்னுமாக எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் முகம் மேலிருந்து கீழாக எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் பல் எடுப்பதா என்ற கேள்விக்கு முதல் பார்வையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது என்பது என் கருத்து, அதனால் இந்த விஷயத்தில் நான் இரண்டாமவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். அதற்காக முதலாமவர் சொன்னது தப்பு என்று அர்த்தமில்லை. கடைசியில் உங்கள் மகளுக்கு நான்கு பல் எடுக்கவேண்டியும் வரலாம். எதற்காக எடுக்கிறோம், எடுத்த இடத்தை எப்படி மூடப்போகிறோம் என்று தெரிந்து எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

நாத்தனாரின் ஆப்பை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். கை நீளத்தில் போனைப் பிடித்து எடுக்கும் படத்தில், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற மூக்கும் வாயும் பெரிதாகவும் தள்ளியிருக்கிற காதும் நெற்றியும் சிறிதாகவும் விழும். மோவாயைக் கொஞ்சம் தூக்கினால் கீழ்ப்பகுதி நீளும், குனிந்தால் குறையும். நாங்கள் படம் எடுக்கும்போது ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று அதற்கேற்ற லென்ஸில் எடுப்பது இதனால்தான். முகத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கிற கணக்கு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் காலத்திலிருந்து வருகிறது, டாவின்சி அதைப் படமாக வரைந்தார். ஓவியம் வரைகிறவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி. 13 வயதுப் பெண்ணை அழவைப்பதற்கு அதை வைத்துக்கொள்வது அநியாயம். அந்த மூன்று பாகத்தில் மேல் பாகம் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து புருவ மத்தி வரைக்கும். நம் பிள்ளைகளுக்கு மயிர்க்கோடு ஒருவருக்கு ஒரு மாதிரி இருக்கும், இறுக்கி ஜடை போட்டால் ஒரு மாதிரி, முன்னால் வெட்டிவிட்டால் ஒரு மாதிரி. அதனால் நடைமுறையில் அந்தப் பாகத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பார்க்க வேண்டியது மீதி இரண்டும். புருவ மத்தியிலிருந்து மூக்கின் அடி வரைக்கும் நடுப்பாகம், மூக்கின் அடியிலிருந்து மோவாயின் அடி வரைக்கும் கீழ்ப்பாகம். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும் என்பார்கள், ஆனால் நன்றாக இருக்கிற முகங்களிலும் கீழ்ப்பாகம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம்.

இதில் நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் உதடு. பிள்ளையை டாக்டர் முன்னால் உட்காரவைத்ததும் அது வாயை இறுக்கி மூடிக்கொள்ளும், "நல்லா வாயை மூடு" என்று நாம்தானே வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அப்படி வலிந்து மூடும்போது மோவாய்த் தோல் குழிகுழியாகச் சுருங்கி மேலே ஏறும், கீழ்உதடு நீண்டு மேல்பல்லை மறைத்துவிடும், உள்ளே இருக்கிற பிரச்சினையில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் நேராக நிற்கவைத்து, எதிர்ச் சுவரில் அவள் கண்ணுக்கு நேராக ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, கடைவாய்ப்பற்கள் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, "அம்மா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு உதட்டைத் தளரவிடச் சொல்வோம். இரண்டு மூன்று தரம் செய்தால் உதடு தன் இயல்பான இடத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில்தான் அளக்கவேண்டும். உங்கள் மகளை அளந்த இரண்டு இடத்திலும் உதட்டைத் தளரவிட்டுத்தான் பார்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அளந்த பிறகும் கீழ்ப்பாகத்தின் மொத்த நீளம் என்ற ஒரு எண் மட்டும் போதாது, அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள், இருவருக்கும் கீழ்ப்பாகம் 69 மி.மீ. முதல் பெண்ணுக்கு மேல்உதடு 20, இரண்டு உதட்டுக்கும் நடுவில் இடைவெளி 7, கீழ்உதடும் மோவாயும் சேர்ந்து 42. இரண்டாவது பெண்ணுக்கு மேல்உதடு அதே 20, இடைவெளி 2, கீழ்உதடும் மோவாயும் 47. ஆப்பைக் கேட்டால் இருவருக்கும் "கீழ்முகம் நீளம்" என்று ஒரே பதில்தான் வரும். ஆனால் முதல் பெண்ணின் மோவாயில் ஒரு குறையும் இல்லை, உதடு சேரவில்லை, அதுதான் அங்கே கூடுதலாகத் தெரிகிறது. இரண்டாவது பெண்ணுக்கு உதடு நன்றாகச் சேருகிறது, மோவாய் எலும்பே உயரம். இந்த இருவருக்கும் ஒரே சிகிச்சை என்றால் அது சிகிச்சையே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்கள் மகள் முதல் வகையாகத்தான் தெரிகிறாள், வாய் திறந்தே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது நாத்தனார் பழி சுமத்திய தாடைக்கும் மோவாய்க்கும் இதில் பங்கே இல்லாமலும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

சரி, உதடு ஏன் சேரவில்லை? இங்கேதான் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஈறு தெரியும் சிரிப்புக்கும் இதே காரணங்கள்தான் பெரும்பாலும் பின்னால் இருக்கும்.

உதட்டைத் தளரவிட்டபோது மேல் முன்பல் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். இளம் பெண்களுக்கு 2 முதல் 4 மி.மீ. வரை தெரிவது இயல்பு, அழகும்கூட. 1978இல் விக், புரூண்டோ என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் பெண்களுக்குச் சராசரி 3.4 மி.மீ., ஆண்களுக்கு 1.9 மி.மீ. என்று வந்தது. வயது ஏற ஏற மேல்பல் தெரிவது குறைந்துகொண்டே போய், அறுபதைத் தொடும்போது பலருக்கு மேல்பல்லே தெரியாது, கீழ்ப்பல்தான் தெரியும். அதனால் 13 வயதில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அதை முழுக்க மறைத்துவிட்டால் பிள்ளை முப்பது வயதிலேயே பாட்டி மாதிரி சிரிப்பாள். ஆனால் தளர்ந்த நிலையிலேயே 6, 7 மி.மீ. தெரிகிறது, மேல்உதட்டின் நீளமும் சரியாகத்தான் இருக்கிறது என்றால், மேல்தாடை எலும்பு கீழே இறங்கி வளர்ந்திருக்கிறதா, அல்லது முன்பல் மட்டும் தன் பள்ளத்திலிருந்து அதிகமாக இறங்கியிருக்கிறதா என்று கேட்கவேண்டும். மேல்உதடே குட்டை என்றால் அது வேறு கதை. பெண்களுக்கு மூக்கடியிலிருந்து உதட்டு ஓரம் வரை 20 மி.மீ. சுமார் இருக்கும். அந்த உதடு பதின்ம வயது முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டிருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வாய் சேராமல் இருப்பதில் ஒரு பகுதி தானாகவே சரியாகிவிடும்.

தளர்ந்த நிலையில் பல் அளவாகத்தான் தெரிகிறது, சிரிக்கும்போது மட்டும் ஈறு அப்படியே வெளியே வருகிறது என்றால் குற்றவாளி தாடை இல்லை, உதட்டைத் தூக்கும் தசை. அதற்குக் கம்பியும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம், இந்த வயதில் தசையைத் தளர்த்தும் ஊசியும் வேண்டாம். இன்னொன்று, பல் பார்ப்பதற்கே குட்டையாக, சதுரமாக இருந்தால் ஈறு பல்லின் மேல் ஏறி மூடியிருக்கிறது என்று பொருள். மேல் நடுப்பல்லின் தெரியும் பகுதி பெரியவர்களுக்கு 10, 11 மி.மீ. இருக்கும். பதின்ம வயதில் ஈறு இன்னும் மேலே விலகி முடிந்திருக்காது, அதனால் லேசர் வைத்து ஈறை வெட்டித் தருகிறோம் என்கிற விளம்பரங்களுக்கு இப்போதைக்குக் காது கொடுக்காதீர்கள்.

கடைசியாக, எத்துப்பல்லே உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்பது. இது உங்கள் முதல் டாக்டர் பார்த்தது. இந்த ஒன்றுதான் காரணம் என்றால் பல் எடுத்து முன்பல்லைப் பின்னால் கொண்டுபோனதும் உதடு அழகாகச் சேர்ந்துவிடும். நம் ஊரில் இது நிறையப் பேருக்கு நன்றாகவே பலன் தந்திருக்கிறது, தந்துகொண்டும் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் நிஜ வாழ்க்கையில் ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று காரணங்கள் கலந்துதான் வரும்.

இப்போது எக்ஸ்ரேவுக்கு வருவோம். இரண்டாம் டாக்டர் எடுத்தது செஃபலோகிராம், தலையை அசையாமல் பொருத்திப் பக்கவாட்டில் எடுக்கும் படம். 1931இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியாக இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். கபாலத்தின் அடிக்கோட்டுக்கும் கீழ்த்தாடையின் அடிக்கோட்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தை அதில் அளப்பார்கள், 32 டிகிரி சுற்றிலும் இருந்தால் நடுத்தரம். கண்குழியின் அடியிலிருந்து காதுக்குப் போகும் கோட்டை வைத்து அளந்தால் 25 டிகிரி. முகத்தின் பின்பக்க உயரத்தை முன்பக்க உயரத்தால் வகுத்துப் பார்ப்பதும் உண்டு. 62 முதல் 65 சதவீதம் நடுத்தரம், அதற்குக் கீழே போனால் முன்முகம் நீளும் போக்கு, மேலே போனால் சதுர முகம், மேல்பல் கீழ்ப்பல்லை அதிகமாக மறைக்கிற ஆழமான கடி. உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் இந்த எண்களில் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும்.

ஆனால் எண்ணைப் பார்த்து மிரளவேண்டாம். இந்தச் சராசரிகளெல்லாம் எங்கிருந்து வந்தன? 1948இல் டௌன்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற அளவுகள் 12 முதல் 17 வயதுக்குள்ளான 20 வெள்ளைக்கார அமெரிக்கப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. இருபதே பேர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லும் உதடும் இயல்பாகவே அவர்களைவிடச் சற்று முன்னால் இருக்கும். அதனால் கோணம் 35 வந்துவிட்டது என்பதற்காக அது நோய் ஆகிவிடாது. அதோடு, கபாலத்தின் அடிக்கோடே சிலருக்குச் சாய்வாக இருக்கும், அப்போது தாடையில் ஒரு பிழையும் இல்லாமலேயே கோணம் கூடிக் காட்டும். ஒரே ஒரு கோணத்தை வைத்து "நீள முகம்" என்று முத்திரை குத்துகிறவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. இரண்டு மூன்று அளவுகள் ஒரே பக்கம் கை காட்டி, நேரில் பார்த்த முகமும் அதையே சொன்னால் அப்போது நம்பலாம். முகம் ஒன்று சொல்லி எக்ஸ்ரே வேறொன்று சொன்னால், நான் முகத்தை நம்புவேன்.

எண்ணைவிட எனக்கு முக்கியம் வளர்ச்சியின் திசை. டென்மார்க்கில் பியோர்க் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் தாடையில் பொடி உலோக ஊசிகளைப் பதித்துப் பல வருடங்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், தாடை வளரும்போது வெறுமனே பெரிதாவதில்லை, சுழலவும் செய்கிறது என்று அதில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு மோவாய் முன்னோக்கிச் சுழலும், சிலருக்குக் கீழ்நோக்கிப் பின்னால். அப்படிப் பின்னால் சுழல்கிறவர்களின் எக்ஸ்ரேயில் தாடைக் கோணத்துக்கு முன்னால் அடி ஓரத்தில் ஒரு வெட்டுப்பள்ளம், பின்னால் சாய்ந்த மூட்டுத்தலை, ஒல்லியாக உயர்ந்த மோவாய் என்று சில அடையாளங்கள் இருக்கும். இரண்டாம் டாக்டர் "வளர்ச்சி கீழ்நோக்கிப் போகிறது" என்று சொன்னது எதைப் பார்த்து என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவார், காட்டவேண்டும்.

இனி உங்கள் பெரிய கேள்வி, பல் எடுத்தால் முகம் நீளுமா, ஒடுங்குமா?

பல் எடுப்பது மட்டும் முகத்தை நீட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. எடுத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாடை மூட்டு காதுக்கு முன்னால் இருக்கிறது, கீழ்த்தாடை ஒரு கதவு மாதிரி அந்தக் கீலில் சுழல்கிறது. கீலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கை வைத்தாலும் கதவின் மறு ஓரம் நிறையத் திறந்துவிடுமே, அதே கணக்கில் கடைவாய்ப்பல் தன் பள்ளத்திலிருந்து ஒரு மி.மீ. வெளியே இழுபட்டால் முன்னால் கடி இரண்டு மூன்று மி.மீ. திறந்து, மோவாய் கீழும் பின்னுமாகப் போய்விடும். இழுப்பு ரப்பர் போடும்போது இதுதான் நடக்கலாம். மேல் முன்பல்லையும் கீழ்க் கடைவாய்ப்பல்லையும் இணைத்து மாதக்கணக்கில் ரப்பர் மாட்டினால், கடைவாய்ப்பல் மேலே எழும்பும், மேல் முன்பல் கீழே இறங்கும். சதுர முகப் பிள்ளைக்கு அது வரம், அழுத்தமான தசை கடைவாய்ப்பல்லை எழும்பவும் விடாது. நீள முகப் பிள்ளைக்கு அதே ரப்பர் முகத்தை இன்னும் நீட்டி ஈறையும் கூடுதலாகக் காட்டிவிடும்.

இன்னொரு விஷயம், எத்துப்பல்லை வெறுமனே பின்னால் சாய்த்தால் அதன் நுனி பின்னால் போகும்போதே கீழேயும் இறங்கும். பல் உள்ளே போய்விட்டது, ஆனால் ஈறு முன்னைவிடத் தெரிகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் இப்படி வந்தவர்கள்தான். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே ஈறு தெரிகிறது என்பதால் இது முக்கியம். பின்னால் இழுக்கும்போதே மேல்நோக்கி அமுக்கவும் வேண்டும், அதற்குத்தான் மினி ஸ்க்ரூ. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், 1.5 அல்லது 2 மி.மீ. தடிமன், 6 முதல் 10 மி.மீ. நீளம் உள்ள ஒரு குட்டித் திருகாணி, ஈறு மரத்துப்போக ஊசி போட்டு எலும்பில் வைப்பது, வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். பிள்ளைகளுக்கு எலும்பு இன்னும் கெட்டிப்படாததால் சிலசமயம் ஆடிக் கழன்றுவிடும், வேறு இடத்தில் மாற்றி வைப்பார்கள். கடைவாய்ப்பல்லை உள்ளே அமுக்கவும் இதையே பயன்படுத்தலாம், அப்படி அமுக்கினால் கதவு மூடுகிற மாதிரி மோவாய் மேலும் முன்னும் வரும்.

ஒடுங்கிப்போவது பற்றி: ஏற்கெனவே உதடு தட்டையாக, மூக்கும் மோவாயும் எடுப்பாக இருக்கிறவர்களுக்கு அவசரப்பட்டுப் பல் எடுத்தால் வாய் உள்வாங்கிய மாதிரி தெரியும், உண்மைதான். உதடு முன்னால் தள்ளி நிற்கிற பிள்ளைக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை.

உங்கள் மகள் வயதுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது என்றால் உயரத்தில் வேகமாக வளரும் கட்டம் பெரும்பாலும் தாண்டிவிட்டது. ஆனால் முகத்தின் அகலம் முதலில் நிற்கும், பிறகு முன்பின் வளர்ச்சி, மேல்கீழ் வளர்ச்சிதான் கடைசியாக நிற்கும். ஆகவே இன்னும் சில வருடங்கள் அவள் முகம் கீழ்நோக்கிக் கொஞ்சம் வளரும். இதனால்தான் ஆபரேஷன் பற்றி இப்போதே முடிவு செய்ய முடியாது, இரண்டாம் டாக்டர் 18க்கு மேல் என்று சொன்னதும் அதனால்தான். அது லெ ஃபோர்ட் 1 என்கிற ஆபரேஷன், 1901இல் முக எலும்பு எந்தக் கோடுகளில் உடைகிறது என்று ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட்டின் பெயர். மேல்தாடையைப் பிரித்துச் சில மி.மீ. மேலே தூக்கிவைத்துவிட்டால் கீழ்த்தாடை தானாகச் சுழன்று மேலே வரும், ஈறு மறையும், உதடு சேரும். மேல்தாடை மிக அதிகமாக இறங்கி வளர்ந்தவர்களுக்கு அதுதான் நேர்மையான வழி. நடுத்தர அளவில் இருப்பவர்களுக்குக் கிளிப்பும் ஸ்க்ரூவும் போதும். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பது எக்ஸ்ரேயை நேரில் பார்க்கிறவர் சொல்லவேண்டியது, "தேவைப்படலாம்" என்பதைத் "தேவை" என்று நீங்களாக மாற்றிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளிப் போடுவதற்கு முன்பே செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது, இதை யாரும் உங்களிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இரவில் அவள் வாய் திறந்து தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா, அடிக்கடி சளி, மூக்கடைப்பு உண்டா என்று கவனியுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்தோ அலர்ஜியாலோ மூக்கு அடைத்திருந்தால் நாக்கு கீழே இறங்கி, தாடை தொங்கி, வருடக்கணக்கில் கடைவாய்ப்பற்கள் எழும்பி முகம் நீளலாம். குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த பழைய பரிசோதனைகளில் தாடையும் பல்வரிசையும் மாறின, ஆனால் எல்லாக் குரங்குக்கும் ஒரே மாதிரி மாறவில்லை, அதனால் வாயால் மூச்சுவிட்டாலே நீளமுகம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது, கடலூர் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம், இல்லையென்றால் ஜிப்மர் இருக்கிறது. மூக்கு அடைத்துக்கொண்டிருக்கும்போது "வாயை மூடு" என்று திட்டுவதில் ஒரு பயனும் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்தால் முகம் மாறிவிடும் என்று ரீல்ஸில் வருகிற பயிற்சிகளுக்கும் தகுந்த ஆதாரம் இல்லை.

அப்புறம், அவள் அப்பத்தை, ரொட்டியை முன்பல்லால் கடித்துத் துண்டாக்க முடிகிறதா? கடைவாய்ப்பல் கடித்த நிலையில் முன்னால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் சந்து இருக்கிறதா? சந்து இருந்தால் மேலே சொன்ன கடைவாய்ப்பல் கணக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். விரல் சூப்பும் பழக்கம் எப்போதாவது இருந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம்.

இரண்டு டாக்டரிடமும் மறுபடி போகத் தயங்கினால், மூன்றாவது கருத்துக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு அரசு இடங்கள் இருக்கின்றன. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுக் கல்லூரியானது ஒன்று, புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ உயர்கல்வி நிறுவனம் ஒன்று. ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல் சீரமைப்பு நிபுணர் பிரிவில் காட்டவேண்டும் என்று கேட்டுச் செல்லுங்கள். ஆனால் சிகிச்சையை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும்போது, ஏறக்குறைய இரண்டு வருடம், நாலு ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். முதுநகரிலிருந்து ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கு லீவு போட்டு பஸ் ஏறுவது கஷ்டம் என்றால் கடலூருக்குள்ளேயே பார்ப்பதுதான் நடக்கிற காரியம். எட்டாம் வகுப்பில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் பெரும்பகுதி முடிந்துவிடும், அதையும் பேசிக்கொள்ளுங்கள். கிளிப் போட்ட பிறகு முறுக்கும் பண்ருட்டி முந்திரியும் கொஞ்ச நாள் குறைவுதான்.

யாரிடம் போனாலும் கேட்கவேண்டியது இதுதான்: உதட்டைத் தளரவிட்டால் மேல்பல் எத்தனை மி.மீ. தெரிகிறது, ஈறு தெரிவதற்குக் காரணம் எலும்பா, பல்லா, உதடா, பல் எடுத்தால் முன்பல்லைப் பின்னால் இழுக்கும்போது கீழே இறங்காமல் எப்படித் தடுப்பீர்கள், கடைவாய்ப்பல் எழும்பாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள். இதற்கு நேராகப் பதில் சொல்கிறவர் நான்கு பல் எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொல்கிறவராக இருந்தால், எடுப்பதற்கு முன் இன்னொருவரைப் பாருங்கள். எடுத்த பல்லைத் திருப்பி வைக்க முடியாதே.

இரண்டாம் டாக்டர் எடுத்த செஃபலோகிராமின் பிரதியைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே சிகிச்சை தொடங்காமல் பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவானால், ஒரு வருடம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டு முகம் எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்ப்பதற்கு அது வேண்டும்.